ஒளி விலகலா, வளைதலா, கோட்டமா? (வெள்ளிக்குள் வேண்டும்)

திங்கள் இரவு, பள்ளி ஆசிரியை, திருச்சி

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தமிழில் ஆறு பதாகைகள் தயாரிக்கிறேன். வெள்ளி காலை பத்து மணிக்குள் பிளெக்ஸ் கடைக்குக் கோப்பு போயாக வேண்டும். ஐந்து முடிந்தன. ஆறாவது ஒரே சொல்லில் நிற்கிறது: 'டிஃப்ளெக்ஷன் ஆஃப் லைட்'. சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி ஈர்ப்பால் திசை மாறுகிறதே, அது.

'ஒளி விலகல்' என்று எழுதி, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். "மிஸ், சூரியனைச் சுத்தி கண்ணாடி மாதிரி ஏதாவது இருக்கா?" என்றாள். அவள் மேல் தப்பில்லை, நம் பாடநூலில் ஒளி விலகல் என்றால் ரிஃப்ராக்ஷன், அதாவது கண்ணாடி, நீர் போன்றவற்றுக்குள் நுழையும்போது ஒளி திரும்புவது. அதற்குக் கீழே '1.7 விநாடி' என்று போட்டிருந்தேன். "ஒளி அவ்வளவு லேட்டா வருமா மிஸ்?" என்றும் கேட்டுவிட்டாள். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

செவ்வாய் காலை, மென்பொருள்காரர், பெங்களூரு

ஒளி வளைவு. ஆட்டோக்காரருக்கும் புரியும். அடுத்த சொல் என்ன டீச்சர்?

செவ்வாய் மதியம், இயற்பியல் பேராசிரியர், கோவை

அவசரப்படாதீர்கள் தம்பி. வளைவை ஏற்கெனவே 'காலவெளி வளைவு'க்குக் கொடுத்துவிட்டோம், நிறைக்கு அருகே காலமும் வெளியும் வளைவதாக ஐன்ஸ்டீன் சொன்னாரே, அதற்கு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்தக் கதையின் திருப்பமே காணாமல் போகும்.

1911இல் பிராகில் இருந்தபோது ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரையில் வெளி வளையவே இல்லை. சூரியனுக்கு அருகே கடிகாரம் மெதுவாக ஓடும். எனவே தொலைவிலிருந்து அளப்பவருக்கு ஒளியும் அங்கே மெதுவாகப் போகும். அலைமுகப்பில் சூரியன் பக்கத்து முனை பின்தங்க, கதிர் அந்தப் பக்கம் திரும்பும். அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புது அலையைக் கிளப்பும் என்ற ஹைகன்ஸ் தத்துவம்தான், வேறொன்றுமில்லை. விடை 0.83 விநாடி, கோணக் கணக்கில். 1801இலேயே ஜெர்மன் வானியலாளர் சோல்ட்னர் ஒளியை எறிகல் போல வைத்து நியூட்டன் விதிப்படி கணக்கிட்டிருந்தார். அவருக்கும் ஏறக்குறைய இதே எண். 1915 நவம்பர் 18ஆம் தேதிக் கட்டுரையில் வெளியின் வளைவும் கணக்கில் சேர்ந்த பிறகுதான் அது இரட்டித்து 1.7 ஆனது. ஆக, முதல் பாதிக்கு வெளி வளைவே தேவையில்லை. இதை 'வளைவு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மாணவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

சூரியனை ஒட்டிய விண்மீன்கள் தெரிவது முழுக் கிரகணத்தில்தான். நடுவில் 1914 ஆகஸ்ட் கிரகணத்தைப் படமெடுக்க ஜெர்மன் வானியலாளர் பிராய்ன்ட்லிக் கிரிமியாவுக்குப் போனார். போர் மூண்டுவிட, ரஷ்யர்கள் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். படம் சரியாக விழுந்திருந்தால் 0.83 தப்பு என்று அப்போதே தெரிந்திருக்கும். ஐன்ஸ்டீனுக்கு அதிர்ஷ்டம், பிராய்ன்ட்லிக்குக்கு இல்லை.

அப்புறம், மாணவியிடம் சொல்லுங்கள் அம்மா: இடத்துக்கு இடம் ஒளியின் வேகம் மாறுவதால் கதிர் திரும்புகிறது என்று கணக்குப் போட்ட 1911 ஐன்ஸ்டீனும் கிட்டத்தட்ட அவள் சொன்ன கண்ணாடியைத்தான் வைத்திருந்தார்.

செவ்வாய் இரவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

சொல் நம்மிடமே இருக்க ஏன் இந்தத் திண்டாட்டம்? கோடுதல் என்றால் வளைதல். ஓடு–ஓட்டம், ஆடு–ஆட்டம், கோடு–கோட்டம். ஆகவே ஒளிக்கோட்டம். 'ஒருபால் கோடாமை' என்ற வள்ளுவர் தராசு முள்ளைத்தான் சொன்னார். ஒருபால் சாய்வதற்கு இதைவிடத் துல்லியமான வினை உண்டா? சூரியன் பக்கம் ஒளி கோடுகிறது, அவ்வளவுதான்.

கோடு–கொடு உறவையும் பாருங்கள். வளைந்த கோல் கொடுங்கோல். வளைந்த வாள் கொடுவாள். தேளின் கொடுக்கு வளைந்தது. கொடுக்காய்ப்புளியின் காய் சுருண்டது. யானைக் கொம்பும் கோடு, மரக்கிளையும் கோடு. 'யாழ்கோடு செவ்விது' என்னும்போது அதே கோடுதான். கோணம், கோணல், கூன் இவற்றையும் இந்தக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

செவ்வாய் நள்ளிரவு, மென்பொருள்காரர், பெங்களூரு

ஐயா, தனி மடல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 'ஒளிக்கோட்டம்' என்று பதாகையில் பார்த்தால் மின்வாரியக் கோட்டப் பொறியாளர் அலுவலகம் என்று பில் கட்ட வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் கோடு என்றால் ஸ்கேல் வைத்து நேராகப் போடுவது. வளைந்ததற்கு இருந்த பெயர் நேரானதற்குப் போய்விட்டது, நாம் என்ன செய்ய?

கொடுக்காப்புளி மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளி வாசலில் கூறு கட்டி விற்பார்களே, அந்தச் சுருள்.

புதன் காலை, மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

எங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை அக்கா. ரிஃப்ராக்ஷனுக்கு நாங்கள் ஒளிமுறிவு என்றுதான் படித்தோம். ரிஃப்ளெக்ஷன் தெறிப்பு. ஆகவே விலகல் எங்களிடம் காலியாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். கோணலை மட்டும் தொடவேண்டாம், அது டிஃப்ராக்ஷன், விளிம்பைத் தாண்டும் ஒளி பரவுவது. கடலுக்கு அந்தப் பக்கம் அதையே விளிம்பு விளைவு என்கிறீர்கள். முதலில் ரிஃப்ராக்ஷனுக்கு ஒரு சொல்லில் ஒத்துவந்தால் சூரியனை அப்புறம் பார்க்கலாம்.

புதன் மதியம், இயற்பியல் பேராசிரியர், கோவை

முறிவு நல்ல சொல்தான். ஆனால் இங்கே எலும்புக்கும் காதலுக்கும் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்குள் பாடநூலை மாற்ற முடியாது.

விநாடிப் பிரச்சினைக்கு: இது நேரமல்ல, கோணம். பாகை, கலை, விகலை என்று பழைய கணக்கு இருக்கிறதே, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை. 1.7 விகலை.

புதன் மாலை, தமிழாசிரியர், மதுரை

கலையும் விகலையும் வடசொற்கள்.

புதன் மாலை, மென்பொருள்காரர், பெங்களூரு

அப்படியானால் கலைச்சொல்லையும் விட்டுவிடலாமா ஐயா?

புதன் இரவு, மட்டுறுத்துநர்

இழைக்குத் திரும்புவோம். 'கலை' தமிழா என்பது பற்றிய ஒன்பது மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கோடைக்கானலின் கோடைக்கும் கோடுக்கும் உறவு தேடிய மடல்களையும்தான்.

அந்த மடல்களிலிருந்து ஒன்றை மட்டும் இங்கே காப்பாற்றுகிறேன். 1922 செப்டம்பர் கிரகணத்தில் இதே ஒளித்திருப்பத்தை அளக்க, கோடைக்கானல் ஆய்வகத்து எவர்ஷெட் ஆஸ்திரேலியாவின் வல்லாலுக்குப் போனார். கருவிக் கோளாறால் வெறுங்கையோடு திரும்பினார். அதே இடத்தில் அமெரிக்காவின் லிக் ஆய்வகத்துக் காம்ப்பெலுக்கு நல்ல படங்கள் கிடைத்தன. பதாகையில் இடமிருந்தால் சேருங்கள்.

வியாழன் காலை, இயற்பியல் பேராசிரியர், கோவை

என் கடைசி மடல் இது. வளைவு வேண்டாம், வளைதல் இருக்கட்டும். வளைவு என்றால் இருக்கும் நிலை, அதை வெளிக்கு வைத்துக்கொள்வோம். வளைதல் என்றால் நடப்பது, அது ஒளிக்கு. விலகல் கூடவே கூடாது. 1919 மே 29 கிரகணத்தில் பிரேசிலின் சோப்ராலில் 1.98, ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான பிரின்சிபியில் 1.61 என்று அளந்து வந்த பிறகும், சூரியனைச் சுற்றிய வாயுவால் வந்த ரிஃப்ராக்ஷனாக இருக்கலாமே என்று லண்டனில் அறிஞர்களே கேட்டார்கள். இது அதுவல்ல என்று காட்டத்தான் அவ்வளவு பாடு. அந்த இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைப்பதா?

அலகோடு ஓர் அளவையும் போடுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தை மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அதுதான் 1.7.

வியாழன் மதியம், மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

இரண்டு நாளைக்கு முன் 1911 ஐன்ஸ்டீனே கண்ணாடி வைத்திருந்தார் என்றது நீங்கள்தானே, சேர்? சரி, வளைதல். எங்கள் பிரதியில் விலகல் என்றே போடுவேன்.

வியாழன் இரவு, பள்ளி ஆசிரியை, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்ததில் வளைதலுக்கு ஏழு, விலகலுக்கு மூன்று, கோட்டத்துக்கு ஒன்று. 'ஒளி வளைதல்', '1.7 வில்விநாடி' (வில் என்றால் ஆர்க்) என்று போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். நாணயமும் சேர்த்தாயிற்று. எவர்ஷெட்டுக்கு இடம் போதவில்லை, மன்னிக்கவும்.

மாணவியிடம் காட்டினேன். வில்லைப் பார்த்துவிட்டு, "வில்லு வளையறதால வில்விநாடியா மிஸ்?" என்றாள்.

வெள்ளி விடியல், தமிழாசிரியர், மதுரை

அந்தக் குழந்தைக்குச் சொற்பிறப்பியல் வருகிறது, இயற்பியலில் வீணாக்காதீர்கள்.

வளைதலுக்கு நான் உடன்படவில்லை, பதிவில் இருக்கட்டும். அடுத்து 'கிராவிடேஷனல் லென்சிங்'குக்கு, அதாவது ஈர்ப்பு ஒளியை வளைத்து வில்லை (லென்ஸ்) போல வேலை செய்வதற்கு, சொல் கேட்டு இங்கேதான் வருவீர்கள். 'வளைதலால் ஏற்படும் வில்லை விளைவு' என்று நீட்டி முழக்குவீர்களா, 'கோட்டவில்லை' என்பீர்களா? பார்க்கலாம்.