அமெரிக்காவில் வெளிமாநிலப் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகம்: எங்கே விண்ணப்பம் போடலாம்?

சியாட்டில் அப்பா:
மகள் பதினொன்றாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். கலிஃபோர்னியா, டெக்சாஸ், வடகரோலினா என்று பட்டியல் நீள்கிறது. வெளிமாநிலக் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போன பிறகு அந்த மாநிலத்தவராக மாறிக் கட்டணம் குறைக்கலாமாமே?

பழைய பெற்றோர்:
அந்த நினைப்பை விடுங்கள் சார். படிக்கப் போனதாலேயே யாரும் மாநிலவாசி ஆவதில்லை. பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வரி கட்டுகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள்.

அப்புறம் இடம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் மாநிலப் பிள்ளைகளுக்கு. வடகரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் வெளியாருக்கு 18 சதவீதம்தான் உச்சவரம்பு. என்னைக் கேட்டால், இரண்டையும் ஆசைக்கு மட்டும் போடுங்கள்.

கல்லூரி மாணவி:
அங்கிள், யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, ஒரே விண்ணப்பத்தில் ஒன்பது வளாகங்களுக்கும் போடலாம், கட்டணம் மட்டும் வளாகத்துக்குத் தனித்தனி. எஸ்ஏடி என்ற நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை, அதனால் கட்டுரைகளில் உழைக்கச் சொல்லுங்கள். உதவித்தொகையை நம்பி மட்டும் போக வேண்டாம்.

நீங்கள் வாஷிங்டன் மாநிலக்காரர் என்பதால் டபிள்யூயூஈ (WUE) என்ற கட்டணச் சலுகைத் திட்டத்தைப் பாருங்கள். மேற்கு மாநிலங்களுக்குள் உள்ளூர்க் கட்டணத்தின் 150 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். போய்சி ஸ்டேட், வடக்கு அரிசோனா எல்லாம் அதில் உண்டு. எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உண்டா என்று அந்தந்தக் கல்லூரியில் கேளுங்கள்.

சியாட்டில் அப்பா:
நன்றிம்மா, இது தெரியாது. இன்றைக்கே இரண்டு கல்லூரிக்கும் மெயில் போடுகிறேன்.