தாத்தாவுக்கு 80: சேப்பாக்கம் விருந்து

முரளி: மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் ஞாயிறு மதியம் 32 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. யார் யார் வருகிறீர்கள்?

கவிதா: நாங்கள் நான்கு பேர்.

வள்ளி சித்தி: அங்கெல்லாம் வேட்டியோடு விடமாட்டார்களாமே? மாமா பேன்ட் போட மாட்டார்.

சண்முகம் பெரியப்பா: அது பழைய கதை. 2014 ஜூலையில் சேப்பாக்கத்திலேயே ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டுவிட்டது. வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

கவிதா: செருப்பு?

முரளி: கேட்டுச் சொல்கிறேன்.

சித்ரா அத்தை: அசைவம் உண்டா? கவிதா கல்யாணத்தில் என் மாமியார் பசியோடு திரும்பினார்.

வள்ளி சித்தி: அண்ணி, ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

சித்ரா அத்தை: எனக்கு மறக்கவில்லை.

சண்முகம் பெரியப்பா: பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். 1846-இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று தொடங்கிய கிளப் அது. சேப்பாக்கம் மைதானம் 1865-இல் கிடைத்தது. பெவிலியன் அவர்களுக்கு, மரத்தடி நம்மவர்களுக்கு. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். சொந்தக் காசில் மட்டை வாங்கிக் கொடுத்துப் பையன்களை ஆட வைத்தார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் ஆட்டத்துக்கு அந்த வெள்ளைக்காரர்கள் கிளப்பையே சம்மதிக்க வைத்தார். 1908-இல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். ஆட்டம் நிற்கவில்லை.

முரளி: பெரியப்பா, உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

சண்முகம் பெரியப்பா: இருடா. 1934-இல் அங்கே முதல் டெஸ்ட் நடந்தபோது ரோலர் இழுத்தவர்களில் உன் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். பெவிலியன் படியில் அவர் கால் பட்டதே இல்லை. அவர் கொண்டுவந்த பந்து, தையல் விட்டு, உள்ளே தக்கையும் நூலும் தெரிய, டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும் என்கிறார் அப்பா.

கவிதா: பெட்டி யாரிடம் இருக்கிறது?

வள்ளி சித்தி: பாகம் பிரித்த அன்றே அண்ணி வீட்டுக்குப் போய்விட்டது.

சித்ரா அத்தை: நான் கேட்டு வாங்கவில்லை, அம்மா கொடுத்தது. பரணில் இருக்கிறது. ஏணியோடு யாராவது வாருங்கள்.

முரளி: சனிக்கிழமை நான் வருகிறேன் அத்தை.

தாத்தா: மயில்கண் கரை வேட்டியை எடுத்து வைத்துவிட்டேன். பந்தைத் துடைக்க வேண்டாம்.

சித்ரா அத்தை: சரி அப்பா. அசைவம் என்ன ஆயிற்று?