சூப்பிளான்டேஷன் பிராக்கோலி சாலட் செய்யத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

1978இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கி, 2020 மே மாதம் கொரோனாவால் மூடப்பட்ட சூப்பிளான்டேஷன் பஃபே உணவகங்களை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை. தெற்கு கலிபோர்னியாவுக்கு வெளியே அதன் பெயர் ஸ்வீட் டொமேட்டோஸ். தட்டை எடுத்ததும் அந்த நீண்ட சாலட் வரிசை! என் மகள் நேராகப் போவது பிராக்கோலி மேட்னஸ் என்ற சாலட்டிடம்தான்: பச்சை பிராக்கோலி, முந்திரி, உலர்திராட்சை, சிவப்பு வெங்காயம், பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி). வரும் சனிக்கிழமை பிறந்தநாளுக்கும் அதையே கேட்கிறாள்.

மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். மயோனைஸ், சர்க்கரை, வினிகர் கலந்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடுகிறது. சர்க்கரையைக் குறைத்தால் புளிப்பு தூக்கல். சரி என்று பிராக்கோலியைக் கொதிநீரில் போட்டெடுத்தேன், மொறுமொறுப்பே போய்விட்டது.

நான்கு பேருக்குச் செய்ய, மயோனைஸ், சர்க்கரை, வினிகர் மூன்றையும் என்ன அளவில், பரிமாறுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு கலக்க வேண்டும்?