பாகற்காய் இறங்குகிறது, ஐபிஏ இறங்கவில்லை. எப்படிப் பழகுவது?

செந்தூல்வாசி:

வணக்கம். எனக்கு 34 வயது. பீர் என்றால் பத்து வருடமாக கார்ல்ஸ்பெர்க், டைகர், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்தால் கிளாஸில் ஐஸ் கட்டி போட்டு ஊற்றுவோம், அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. போன வருடம் வேலை மாறினேன். புது இடத்து நண்பர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூரில் பங்சார் பக்கம் ஒரு கடைக்குப் போவார்கள், அங்கே குழாயில் வருவது பாதிக்கு மேல் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்கிற கசப்பு கூடிய பீர். மூன்று தடவை முயன்றுவிட்டேன். மூக்குக்கிட்டே கொண்டுபோனால் பூவும் பழமுமாக அருமையான வாசனை. ஆனால் ஒரு மடக்கு விழுங்கியதும் அடிநாக்கில் கசப்பு ஏறி, தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்கிறது, அடுத்த மடக்கு எடுக்க மனசு வரவில்லை. 38 வெள்ளி கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். போன வாரம் ஒரு கடையில் டின் வாங்கி வீட்டில் குடித்துப் பார்த்தேன், அதில் அந்த வாசனைகூட இல்லை, ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். கசப்பு எனக்கு ஆகாத சுவை இல்லை. வாழையிலைச் சாப்பாட்டில் பாகற்காய் வறுவலை மூன்று தடவை கேட்டு வாங்குகிறவன் நான். அம்மாவின் சுண்டைக்காய் வத்தக்குழம்பு என்றால் உயிர். பிறகு இது மட்டும் ஏன் இறங்கவில்லை? பழகினால் பிடிக்குமா, இல்லை சிலருக்கு நாக்கே அப்படியா? கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. அந்த வாசனைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது, அது எனக்கும் பிடிபட வேண்டும் என்று ஆசை.

தஞ்சோங் பூங்கா:

தம்பி, பாகற்காயை வைத்தே சொல்கிறேன். அதை நாம் வெறுமனே கடித்துத் தின்பதில்லையே. மெல்லிசாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி, சாற்றைப் பிழிந்துவிட்டு, மிளகாய்த்தூள் சேர்த்து மொறுமொறுவென்று பொரித்து, பக்கத்தில் சோறும் தயிரும் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். உப்பு கசப்பை அமுக்கும், எண்ணெய் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பீரில் உப்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. கசப்புக்கு ஈடுகொடுக்க அதில் இருப்பது மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்பு ஒன்றுதான், நீங்கள் எடுத்த எடுப்பிலேயே அந்த இனிப்பும் குறைவான ரகத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதில் ஆல்ஃபா அமிலங்கள் உண்டு, அவை பச்சையாக இருக்கும்போது பெரிதாகக் கசக்காது. மால்ட் ஊறிய தண்ணீரோடு ஒரு மணி நேரம் கொதித்தால் உருமாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாகும், நாம் கசப்பு என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அதே கொதியில் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அதனால் கசப்புக்கான ஹாப்ஸை ஆரம்பத்திலும், வாசனைக்கானதை அடுப்பை அணைக்கும் நேரத்திலும், இல்லாவிட்டால் புளிக்கும்போதும் அதற்கு அப்புறமும் போடுவார்கள். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிற கணக்குதான்.

கசப்பை ஐபியு என்ற அளவில் சொல்வார்கள், சில டின்களிலேயே போட்டிருக்கும். நீங்கள் குடித்துப் பழகிய லாகர் 20க்கு அக்கம்பக்கம். அமெரிக்க மேற்குக் கரைப் பாணி ஐபிஏ 60, 70 வரை போகும். நடுவில் இருக்கிற படிகளை எல்லாம் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். முதலில் பில்ஸ்னர் உர்குவெல் வாங்கிப் பாருங்கள், செக் நாட்டு பில்சன் நகரத்தில் 1842 முதல் காய்ச்சுகிறார்கள், சாட்ஸ் என்ற ஹாப்ஸ். கசப்பு கிட்டத்தட்ட 40, அதாவது கார்ல்ஸ்பெர்க்கைப் போல இரண்டு மடங்கு, ஆனால் ரொட்டி மாதிரி ஒரு இனிப்பு அடியில் இருப்பதால் தொந்தரவாகத் தெரியாது. ஒரு மாதம் அதிலேயே இருங்கள். அப்புறம் பேல் ஏல். சியரா நெவாடா என்கிற அமெரிக்க நிறுவனத்தின் பேல் ஏல் 1980இல் தொடங்கியது, கசப்பு 38, கேஸ்கேட் என்ற ஹாப்ஸ். அந்த வாசனையை எனக்குப் பிடித்துக் கொடுத்தது தம்பூன் ஊர் லீமாவ் பாலிதான், பம்ப்ளிமாஸ் என்பார்களே அந்தப் பழம். ஈப்போ போகிற வழியில் ரோட்டோரம் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதை உரித்ததும் கையில் ஒட்டுகிற எண்ணெய் வாசனை. சுளையைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தோலைக் கொஞ்சம் சேர்த்துக் கடித்தால் வருகிற கசப்பும் அதில் உண்டு. அன்றைக்கு ஒரு கையில் சுளையும் ஒரு கையில் கிளாஸுமாக உட்கார்ந்திருந்தேன், அதற்குப் பிறகு எனக்குக் கசப்பு ஒரு தடையாகத் தெரியவே இல்லை. வாசனையைப் பின்தொடர்ந்து போங்கள், கசப்பு அதன் கூடவே வந்து சேரும்.

கோப்பி ஓ கோசோங்:

நாக்கு பழகும். நான் பத்து வருடத்துக்கு முன்பு கெட்டிப்பால் இல்லாமல் கோப்பியைத் தொட மாட்டேன். சர்க்கரை நோய் அப்பாவுக்கு வந்த பிறகு பயந்து, முதலில் பாலை விட்டேன், அப்புறம் சீனியை ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று குறைத்தேன். இரண்டு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்றைக்கு யாராவது இனிப்புப் போட்டுக் கொடுத்தால் என்னால் குடிக்க முடியாது.

காரணம் உண்டு. செடிகளில் விஷமானவை பலவும் கசக்கும், அதனால் கசப்பு என்றால் உடம்பு உஷாராகிவிடுகிறது. மனித நாக்கில் கசப்பைக் கண்டுபிடிக்க மட்டும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, இனிப்புக்கு அவ்வளவு கிடையாது. திரும்பத் திரும்பக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் அந்த எச்சரிக்கை அடங்கும். நீங்கள் கேட்ட "நாக்கே அப்படியா" என்பதும் உண்மைதான், சிலருக்குப் பிறவியிலேயே சில கசப்புகள் பலமாகத் தெரியும். ஆனால் வத்தக்குழம்பை உயிர் என்கிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று நினைக்கிறேன். மூன்று தடவையில் முடிவு கட்டிவிடாதீர்கள், பத்துப் பதினைந்து தடவையாவது கொடுங்கள், அதுவும் சின்னக் கிளாஸில்.

இன்னொன்று, உங்கள் தாத்தா காலத்தில் ஸ்டௌட் என்கிற கறுப்பு பீரில் முட்டை உடைத்துப் போட்டுக் குடிப்பார்களே, பார்த்திருப்பீர்கள். கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ராவில் ஹாப்ஸும் நிறைய உண்டு, வறுத்த பார்லியின் கசப்பும் உண்டு. நம் ஆட்களுக்குக் கசப்பு பீர் புதிதே இல்லை.

கிள்ளான் ஆற்றங்கரை:

எல்லாரும் நாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த டின் மேல்தான் சந்தேகம். அட்டைப்பெட்டி வாடை வந்தால் பீர் பழசு. காற்று பட்டுக் கெட்டுப்போயிருக்கிறது. ஹாப்ஸ் வாசனைதான் முதலில் போகும், கசப்பு மட்டும் மிச்சம் நிற்கும், ஆக நீங்கள் குடித்தது ஐபிஏவின் எலும்புக்கூடு. இங்கே கிடைக்கிற நல்ல ஐபிஏ நிறைய கப்பலில் வருவது, வந்த பிறகும் நம் ஊர்ச் சூட்டில் எந்த கிடங்கில் எத்தனை நாள் கிடந்ததோ. டின்னின் அடியில் அடைத்த தேதியைப் பாருங்கள், மூன்று மாதத்துக்குள் இருந்தால் வாங்குங்கள், குளிர்பெட்டியில் இல்லாமல் வெளித்தட்டில் அடுக்கியிருந்தால் தேதி நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்பே உடைந்து ஒரு கெட்ட வாடை வரும். டின்தான் பாதுகாப்பு.

தயவுசெய்து இதில் ஐஸ் போடாதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை வாயைத் திறக்காது. பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள், 8, 10 டிகிரி போதும். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், பாதி ருசி அங்கேதான் இருக்கிறது. கசப்பு ரொம்பப் பயமாக இருந்தால் கலங்கலாக இருக்கும் ஹேஸி ஐபிஏ கேளுங்கள், கொதித்த பிறகு அதிகம் ஹாப்ஸ் போடுவதால் கசப்பு குறைவு, மாம்பழமும் லைச்சியும் மணக்கும்.

தஞ்சோங் பூங்கா:

கிள்ளான் சொன்ன தேதி விஷயத்தை நான் விட்டுவிட்டேன், அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஹேஸியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அதில் தொடங்கியவர்கள் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். கசப்பைப் பழக வேண்டும் என்றால் கசப்புள்ள பீரைத்தான் குடிக்க வேண்டும்.

லயத்துப் பிள்ளை:

நானும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், கள்ளுக்கடையும் சம்சு என்கிற மலிவுச் சாராயமும் எத்தனை வீட்டைக் குலைத்தது என்று கண்ணால் பார்த்தவன். ருசிக்காகக் குடிக்கக் கற்றுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, போதைக்காக அள்ளிக் குடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பழகும்போது அளவும் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் லாகரில் ஆல்கஹால் 5 விழுக்காடு, ஐபிஏ சாதாரணமாக 6, 7, டபுள் என்று போட்டிருந்தால் 8 அல்லது அதற்கும் மேல். 7 விழுக்காட்டில் இரண்டு டின் என்றால் கிட்டத்தட்ட மூன்று லாகர் குடித்த கணக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய சட்டம் 2020இல் கடுமையாகிவிட்டது, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். பங்சாரிலிருந்து செந்தூலுக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள் தம்பி. எல்ஆர்டி ரயில் இருக்கிறது, கிராப் வாடகைக் கார் இருக்கிறது.

செந்தூல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். அந்த டின்னைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அடைத்துப் பதினொரு மாதம். லயத்துப் பிள்ளை அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு வெள்ளிக்கிழமைகளில் ரயிலில்தான் போகிறேன்.

பில்ஸ்னர் உர்குவெல் ஆறு டின் வாங்கி, வாரம் இரண்டு என்று ஐஸ் இல்லாமல் குடித்தேன். முதல் இரண்டும் கஷ்டம்தான். மூன்றாவதைக் கச்சாங் பூத்தே, அதாவது உப்புப் போட்ட கடலைவகைகளோடு குடித்தபோது உப்பு விஷயம் சட்டென்று புரிந்தது, கசப்பு பின்னால் போய் அந்த ரொட்டி ருசி முன்னால் வந்தது. நேற்று பழைய லாகரைக் குடித்தேன், ஏதோ குறைகிற மாதிரி இருந்தது, தண்ணீர் சேர்த்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. அடுத்த வாரம் பேல் ஏல். அண்ணே, ஒரு சந்தேகம், ஆட்டிறைச்சி வறுவலோடு சேருமா?

தஞ்சோங் பூங்கா:

காரமாக இருந்தால் வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் நுரையும் கூட்டும், அதன் மேல் ஹாப்ஸ் கசப்பும் ஏறினால் வாய் பற்றிக்கொள்ளும், பேல் ஏலைக் குறை சொல்வீர்கள். உளுந்து வடை, வெங்காய பஜ்ஜி, நெத்திலிப் பொரியல், இப்படி உப்பும் எண்ணெயுமாக எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். வாழையிலைக் கடையில் கேட்டால் அந்தப் பாகற்காய் வறுவலைத் தனியாகப் பொட்டலம் கட்டியும் தருவார்கள். நான் அதைத்தான் வாங்கி வைத்துக்கொள்வேன்.