வலக்கையில் இருந்தால் குற்றம், இடக்கையில் இருந்தால் ஒழுக்கமா?

வடமதுரைக்காரன்:
“பச்சை குத்தியவனிடம் ஒழுக்கம் இருக்காது, அவனுக்குச் சீருடைப் பணி கிடைக்காமல் போவதே நியாயம்” என்று ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் தம்பி ஒரு மத்திய ஆயுதக் காவல் படைக்கான எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிய பிறகு, வலது முன்கையின் உட்புறத்தில் அம்மாவின் பெயர் இருந்ததற்காக மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டான். அதே பெயர் அதே அளவில் இடக்கையில் இருந்திருந்தால் அவன் தேறியிருப்பான். கை மாறினால் ஒழுக்கமும் மாறிவிடுமா?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
எழுதியவன் நான்தான்; ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். வலக்கை சல்யூட் அடிக்கும் கை. பெயரும் சமயக் குறியும் இருக்கலாம், ஆனால் இடது முன்கையின் உட்புறத்தில், அந்தப் பகுதியின் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. விதியைப் படிக்காமல் விண்ணப்பித்தவனுக்காக விதியைத் திட்டுவது முறையன்று, தம்பி.

வடமதுரைக்காரன்:
ஐயா, விதியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே வரியில் புறங்கைகளிலும் இருக்கலாம் என்று பன்மையில் உள்ளது. வலது புறங்கை சல்யூட் அடிக்காதா?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
உள்ளங்கையை முன்னால் காட்டித்தான் நாங்கள் சல்யூட் அடிப்போம். எதிரில் நிற்கும் அதிகாரியின் கண்ணுக்குப் புறங்கை தெரியாது. அணிவகுப்பில் நிற்காதவருக்கு இது புரியாது.

தேனருவி:
என் அப்பத்தாவின் இரு கைகளிலும் குறத்தி குத்திய பச்சைக் கோலம் முழங்கை வரை இருந்தது, ஊரில் ஒருவரும் அவரை ஒழுக்கமற்றவர் என்று சொன்னதில்லை. என் மணிக்கட்டில் ஒரு சிறு மயிலிறகு இருப்பதைப் பார்த்துவிட்டு, விடுதி வரவேற்பாளர் வேலைக்கான நேர்காணலில் “இதை அழிக்க முடியுமா?” என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களும் அதையே கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
உங்கள் அப்பத்தா படையில் சேரவில்லை, அம்மா. பேச்சு வலக்கையைப் பற்றியது.

ஊசிமுனை:
பச்சை குத்துவதே என் தொழில் என்பதால் சொல்கிறேன். வலக்கையில் பச்சை இருந்ததால் நிராகரிக்கப்பட்ட ஒருவருக்கு, இரண்டு வாரத்தில் அதை அகற்றிவிட்டு மறுபரிசோதனைக்கு வர டெல்லி உயர்நீதிமன்றம் 2022இல் வாய்ப்பளித்தது. ஆனால் லேசரில் அகற்றுவதற்குப் பல அமர்வுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையே பல வாரங்கள் தோல் ஆற வேண்டும். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த பிறகு ஓடி வரும் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வது?

வடமதுரைக்காரன்:
ஊசியை எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். என் தம்பிக்குப் பதினாறு வயதில், திருவிழாக் கடையில், எந்தக் கை என்றுகூடக் கேட்காமல் குத்திவிட்டார்கள். உங்கள் தொழில்காரர்களுக்கு இதில் பொறுப்பே இல்லையா?

ஊசிமுனை:
பதினெட்டு நிரம்பாதவருக்கு நான் ஒருநாளும் குத்தியதில்லை. திருவிழாக் கடைக்காரன் செய்த தவற்றை என் தலையில் கட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
இருவரும் சண்டையிட்டாலும் அந்தக் கை வலக்கைதான்.

வடமதுரைக்காரன்:
அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். ராணுவத்தின் விதி முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம் என்கிறது, இடக்கை என்று பிரிக்கவில்லை. தொல்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி கூடுதல் தளர்வும் தருகிறது. ராணுவத்திலும் வலக்கையால்தான் சல்யூட் அடிக்கிறார்கள். அங்கே கெடாத மரியாதை காவல் படையில் மட்டும் எப்படிக் கெடும்? முழுக்கைச் சட்டை போட்டால் அந்தப் பெயர் யார் கண்ணில் படும்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
கோடையில் சட்டைக் கையை மடித்துவிடுவோம் என்பதுகூடத் தெரியாமல் எனக்குச் சீருடையைப் பற்றிச் சொல்லித் தருகிறீர்கள். ராணுவம் வேறு, காவல் படை வேறு.

வடமதுரைக்காரன்:
கை ஒன்றுதானே, ஐயா? அம்மாவின் பெயரை அழிக்க மாட்டேன் என்று என் தம்பி சொல்லிவிட்டான். அவன் எந்த விதத்தில் ஒழுக்கம் கெட்டவன் என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
வலக்கை என்று நான்கு முறை சொல்லிவிட்டேன்.