தீபாவளிப் படையல்ல அப்பாவுக்கு ஸ்டவுட் பீர். இந்த வருஷம் நான் என்ன செய்யறது?

யீஷூன்வாசி:
வணக்கம். பேர் வேண்டாம். சிங்கப்பூர்ல இருக்கேன், வேலை துவாஸ்ல, வீடு யீஷூன்ல, வயசு நாற்பதைத் தொடப்போகுது. தேசிய தினம் முடிஞ்ச கையோட குடியை விட்டேன். விட்டேன்னு பெருமையா சொல்லக் கூடாது, புவாங்கோக்ல இருக்கற ஐஎம்எச் மனநல ஆஸ்பத்திரியில படுக்க வச்சு விட வச்சாங்க. எங்கம்மா இன்னும் அதைப் பழைய பேர்ல "வுட்பிரிட்ஜ்"னுதான் சொல்றாங்க, அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காம. இப்போ அங்கேயே நேம்ஸ்ங்கற போதை மீட்பு கிளினிக்ல பார்க்கறாங்க. தினம் ஒரு நால்ட்ரெக்ஸோன் மாத்திரை. வார நாள்ல பிரச்சினை இல்ல. வேலைக்கு ஓடி, வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துட்டுப் படுத்தா பொழுது விடிஞ்சுடும்.

தீபாவளிதான் பயமா இருக்கு. முதல் நாள் ராத்திரி எங்க வீட்ல அப்பாவுக்குப் படையல். வாழை இலையில ஆட்டுக்கறி பிரட்டல், நண்டு, அவிச்ச முட்டை, வடை, பக்கத்துல புது வேட்டி, ஒரு பாக்கெட் சிகரெட், அப்புறம் பெரிய பாட்டில் ஸ்டவுட். அந்த ஸ்டவுட்டை அம்மாவே கீழே காபிக்கடைக்குப் போய் வாங்கிட்டு வருவாங்க, வேற யாரையும் விட மாட்டாங்க. மூடியைத் திறந்து கிளாஸ்ல ஊத்துவாங்க. நுரை அடங்கற வரைக்கும் காத்திருந்து சாம்பிராணி காட்டுவாங்க. கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளியே நிப்போம். திரும்ப உள்ள போனதும் அந்தக் கிளாஸை எடுத்து முதல் வாய் குடிக்க வேண்டியது மூத்த மகன். அது நான்.

அம்மாவுக்கு என் விஷயம் எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டு வந்ததே அவங்கதான். ஆனா "அது குடி இல்லப்பா, பிரசாதம்"ங்கறாங்க. ஸ்டவுட் இல்லாம படைச்சா அப்பா பசியோட திரும்பிப் போயிடுவார்னு அழறாங்க. டாக்டர்கிட்ட கேட்டேன். சீனர், அவங்க செத்தவங்களுக்கு வைக்கற ஏழாம் மாசப் படையல் பார்த்து வளர்ந்தவர், விளக்கவே தேவைப்படல. "வைக்கறது உங்க குடும்ப விஷயம். நீங்க ஒரு வாய்கூட குடிக்கக் கூடாது, அந்த நேரத்துக்கு என்ன செய்யப் போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க"ன்னார். அந்த முடிவுதான் வர மாட்டேங்குது.

இது போக மறுநாள் பெர்த்லேர்ந்து வர்ற மச்சான் சாங்கியில இறங்கும்போதே டியூட்டி ஃப்ரீ பையோட வருவார். டிசம்பர்ல கம்பெனி டின்னர் அண்ட் டான்ஸ். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அந்தக் கிளாஸ்.

தோபாயோ பெரியவர்:
தம்பி, நான் நிறுத்திப் பல வருஷமாச்சு. எங்க வீட்டிலும் என் அண்ணனுக்கு இதே படையல்தான், அவருக்கு பிராண்டி. சாமான் பட்டியலில் கை வைக்காதீர்கள். அம்மா மனம் நோகும், நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் சண்டை வரும், சண்டை வந்தால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பாட்டில் இருக்கட்டும், ஆளை மாற்றுங்கள். தம்பி, சித்தப்பா, அக்கா வீட்டுக்காரர், யாராவது ஒருவர் கிளாஸையும் மீதி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கதவு திறந்த உடனே வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். மீதி ஸ்டவுட் ஃபிரிட்ஜில் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து ஃபிரிட்ஜைத் திறப்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

மூத்த மகன்தான் குடிக்க வேண்டும் என்று எந்த ஐயரும் எழுதி வைக்கவில்லை. இலையில் இருக்கும் வடையைப் பிட்டு வாயில் போட்டாலும் அது பிரசாதம்தான். அப்பா அதையும் விரும்பித்தானே சாப்பிட்டார்? இதை நீங்கள் சொன்னால் அம்மா கேட்க மாட்டார்கள். அவருடைய தம்பியோ தங்கையோ சொல்லட்டும், அதுவும் ஒரு வாரம் முன்னதாக.

டைகர்77:
எல்லாரும் ரொம்பப் பெருசு பண்றீங்க. ஒரு வாய். மனசு உறுதியா இருந்தா ஒண்ணும் ஆகாது. இல்லன்னா ஆல்கஹால் இல்லாத 0.0 பீர் வாங்கி வச்சுடுங்க, அம்மாவுக்கும் திருப்தி, உங்களுக்கும் சேஃப்.

யீஷூன்வாசி:
0.0 யோசனையை அம்மாகிட்ட சொன்னேன். "உயிரோட இருக்கறப்ப அவரை ஏமாத்தினது போதாதா"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல பேச்சு இல்ல.

அடுப்படி:
டைகர் அண்ணே, மனசு உறுதிக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மி. முதல் வாய் உள்ள போனதும் மூளை அடுத்ததைக் கேக்கும், அதான் இந்த நோயே. 0.0 எனக்கு ஒத்து வரல. அதே கேன், அதே கசப்பு, அதே "டப்"னு திறக்கற சத்தம். கை அடுத்த ஷெல்ஃபுக்குத் தானா போகுது. ஒத்து வர்றவங்க இருக்கலாம், முதல் வருஷத்துல அந்தப் பரீட்சை வேண்டாம்.

நான் பொம்பளை. நான் குடிப்பேன்னு எங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியாது. ஆம்பளைங்க ஹால்ல குடிச்சாங்க, நான் அடுப்படியில முறுக்கு சுடறப்ப எவர்சில்வர் டம்ளர்ல குடிச்சேன். அதனால எனக்குப் பார்ட்டியில ஆபத்து இல்ல, எண்ணெய்ச் சட்டி முன்னாடி தனியா நிக்கறப்பதான். இப்போ தீபாவளிப் பலகாரம் முழுக்க ஆர்டர்தான், வீட்ல ஒண்ணும் சுடறதில்ல. மாமியார் முகம் சுளிக்கறாங்க, சுளிக்கட்டும். உங்க ஆபத்து எந்த நிமிஷத்துல வருதுன்னு பாருங்க. எனக்கென்னவோ கிளாஸைவிட கதவைச் சாத்திட்டு வெளியே நிக்கற அந்தக் கால் மணி நேரம்தான்னு தோணுது. உள்ள கிளாஸ் இருக்குன்னு நினைச்சுக்கிட்டே நிப்பீங்க. அந்த நேரத்துல பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கீழே போய் மத்தாப்பு கொளுத்துங்க. வயிறு காய விடாதீங்க. படையல் முடியற வரைக்கும் சாப்பிடக் கூடாதுன்னு பட்டினி போட்டா, பசியில வர்ற எரிச்சலே பாதி குடிக்க வச்சுடும். ஒரு மைலோவாவது குடிச்சுக்குங்க.

இன்னொண்ணு, தேக்கா, அதான் லிட்டில் இந்தியா. ஷாப்பிங் போகாம இருக்க முடியாது. லிட்டில் இந்தியாவுல சனி, ஞாயிறு, பொது விடுமுறை, அதுக்கு முதல் நாள், இந்த நாள்லாம் சாயங்காலம் 7 மணியோட கடையில பாட்டில் விக்கறது நிறுத்தம். மத்த இடத்துல ராத்திரி 10.30. 2013 கலவரத்துக்கு அப்புறம் 2015ல வந்த சட்டம். நான் கேம்பல் லேன் சந்தைக்கு 7 மணிக்கு மேலதான் போவேன். பார் திறந்திருக்கும், ஆனா எனக்கு பார் பிரச்சினை இல்ல, கைப்பையில போடற சின்ன பாட்டில்தான் பிரச்சினை.

நைட் ஷிப்ட்:
நான் நர்ஸ், இந்தப் பிரிவு இல்லை. இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இன்னும் தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால், "பண்டிகைக்குள்ள நிறுத்திடறேன்", "கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடறேன்" என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கடைசி கிளாஸுக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத ஆள் தெரிவார்கள். இதில் உயிரே போகலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அப்படிப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் டயஸிபாம் மாதிரி மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே தயமின், அதாவது பி1 கொடுப்பார்கள். மாலை அதற்கப்புறம் போடலாம், ஐயப்பன் காத்திருப்பார்.

யீஷூன்வாசி, நால்ட்ரெக்ஸோன் குடித்தால் வாந்தி எடுக்க வைக்கும் மாத்திரை இல்லை. குடியின் சுகத்தையும் ஏக்கத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். ஆகவே அதை நம்பி ஒரு வாய் என்று இறங்காதீர்கள். அந்த மாத்திரையில் இருக்கும்போது கோடீன் உள்ள இருமல் மருந்தோ ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்தோ எடுக்கக் கூடாது, எந்த கிளினிக் போனாலும் முதலில் சொல்லிவிடுங்கள். டைசல்பிரம் எடுப்பவர்கள் கதை வேறு. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் மது பட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். பிராண்டியில் ஊறிய கிறிஸ்துமஸ் ஃப்ரூட் கேக், சில மவுத்வாஷ் உள்பட.

நேம்ஸ் உதவி எண் 6732 6837. நடு ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 1771, அது 24 மணி நேரமும் உண்டு.

தோபாயோ பெரியவர்:
மாலை பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் குழுவில் மாலை போட்டு 41 நாள் சுத்தமாக இருந்துவிட்டு, கழற்றிய அன்றே தொடங்குகிறவர்கள் உண்டு. புரட்டாசி முடிந்த மறுநாளும் அப்படித்தான். "பார், என்னால் விட முடிகிறது" என்று அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். முடியும் தேதி தெரிந்தால் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். தம்பிக்குத் தேதி கிடையாது, அதனால் இது விரதக் கணக்கில் வராது. ஏஏ, அதாவது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், இங்கே வாரம் முழுக்க நடக்கிறது, இணையத்திலும் உண்டு. தீபாவளி அன்றும் ஒன்று கிடைக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, உட்கார்ந்திருந்தாலே போதும் என்று போனேன்.

யீஷூன்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. செம்பவாங்ல இருக்கற சித்தப்பாவைப் போய்ப் பார்த்துப் பேசிட்டேன். கிளாஸ், பாட்டில் ரெண்டையும் அவர் எடுத்துக்கறாராம், "எனக்கென்ன கசக்குதா"ன்னு சிரிச்சார். அம்மாகிட்ட அவரே பேசறேன்னுட்டார். அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கல, ஆனா வடைக்குக் கூடுதலா உளுந்து ஊறப்போடணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மச்சானுக்கு நானே மெசேஜ் போட்டேன், பாட்டிலுக்குப் பதிலா பிள்ளைக்குச் சாக்லேட் வாங்கிட்டு வாங்கன்னு. நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

டிசம்பர் டின்னர் அண்ட் டான்ஸ் பத்தி ஒண்ணே ஒண்ணு. போகாம இருக்க முடியாது, மேனேஜர் மேசை. எல்லாரும் கிளாஸைத் தூக்கிக் கத்திக் குடிக்கற யாம் செங்குக்கு எழுந்து நிக்கணும். லக்கி டிராவுல வருஷா வருஷம் விஸ்கி வேற வைக்கறாங்க.

அடுப்படி:
யாம் செங்குக்கு கிளாஸ்ல என்ன இருக்குன்னு எவன் பார்க்கறான்? போனதும் நீங்களே பந்துங் (ரோஸ் சிரப் பால்) வாங்கிக் கையில வச்சுக்குங்க, கிளாஸ் காலியா இருந்தாதான் வெயிட்டர் ஊத்துவார். யாராவது கேட்டா "மருந்து சாப்பிடறேன்"னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. கார் எடுத்துட்டுப் போங்க, ஓட்டணும்ங்கறது நல்ல சாக்கு. லக்கி டிரா நடக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க.

டைகர்77:
விஸ்கி விழுந்தா நம்பரை எனக்கு அனுப்புங்க.

யீஷூன்வாசி:
சீட்டையே உங்ககிட்ட கொடுத்துடறேன் அண்ணே.