டெனர் கேட்டேன், யுகுலேலே வந்தது

அட்டனிலிருந்து:

பாடசாலையில் சங்கீதம் எடுத்து வயலின் வாசித்தவன் நான். ஆறு தந்திக் கிட்டாரை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் மூலையில் வைத்துவிட்டேன். நான்கு தந்தியில் டெனர் கிட்டார் என்று ஒன்று உண்டு எனத் தெரிந்ததும் நிதானம் போய்விட்டது. இணைய விளம்பரமொன்றில் 'டெனர்' என்ற சொல்லையும் விலையையும் மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டினேன்.

பார்சலைக் கண்டதும் அம்மா, "தம்பி மகனுக்கா வாங்கினாய்?" என்று கேட்டார். உள்ளே இருந்தது டெனர் யுகுலேலே, கிட்டார் போன்ற குட்டி நான்கு தந்தி வாத்தியம். நைலான் தந்தி, ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், 17 அங்குலம். டெனர் கிட்டார் என்றால் பெரும்பாலும் 21 முதல் 23 அங்குலம் வரை இருக்கும். விற்றவரோ, "டெனர்தானே கேட்டீர்கள்?" என்று முடித்துக்கொண்டார். பெயரை நம்பாதீர்கள். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் துண்டு) 12ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) வரை அளந்து சொல்லச் சொல்லி, அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்ததை 21இல் வாங்குவதா, 23இல் வாங்குவதா?

பண்டாரவளையிலிருந்து:

அண்ணா, வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். நான் 25.5 அங்குலச் சாதாரணக் கிட்டாரில் ஓரத் தந்திகள் இரண்டைக் கழற்றிவிட்டு, மீதி நான்கையும் டெனர் வழக்கப்படி சி, ஜி, டி, ஏ என்று சுருதி சேர்க்கப் பார்த்தேன். மெல்லிய தந்தி ஏ வரை ஏறுவதற்குள் அறுந்து மணிக்கட்டில் அடித்தது. அத்தனை நீளத்தில் அந்தச் சுருதியை அது தாங்காது. டெனரின் கழுத்து ஏன் குட்டை என்பது அன்றுதான் புரிந்தது.

பிறகு எல்லாத் தந்தியையும் அந்தச் சுருதியிலிருந்து ஒரு முழுச் சுரம் இறக்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டேன். நீளம் சுமார் 22.7 அங்குலமாகிவிடும். இன்னும் அரைச் சுரம் இறக்கி மூன்றாம் ஃப்ரெட்டில் போட்டால் 21.4. இரண்டையும் ஒவ்வொரு வாரம் வாசித்தேன். ஏழு அரைச் சுரத்துக்கு ஒருமுறைதான் அடுத்த தந்தி வருகிறது என்பதால் சுண்டு விரலை ஐந்தாம், ஆறாம் ஃப்ரெட் வரை நீட்ட வேண்டும். என் கை சிறியது. நீளமானதில் பத்து நிமிடத்தில் வலித்தது. குட்டையானதில் விரலுக்குச் சுகம், ஆனால் சி தந்தி தொளதொளத்தது. அதே தந்தியை அதே சுருதியில் வைத்து 23ஐ 21 ஆக்கினால் இழுவிசை ஏறக்குறைய 17 சதவீதம் குறையும். கொஞ்சம் தடித்த தந்தி போட்டால் சரியாகிவிடும். அதனால் என் ஓட்டு 21க்கு.

கண்டியிலிருந்து:

நான்கு வருடமாக 23 அங்குலம் வைத்திருக்கிறேன், மாற்ற மாட்டேன். அடித்தந்தியின் நாதம் அப்படி. இரண்டு அளவுமே பேஞ்சோ என்ற தோல் முகப்புத் தந்தி வாத்தியத்திலிருந்து வந்தவைதான். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் பேஞ்சோவின் மவுசு குறைந்தபோது, டெனர் பேஞ்சோக்காரர்கள் விரல் பழக்கத்தை மாற்றாமலே கிட்டாருக்கு வர டெனர் கிட்டார் வழிவிட்டது.

தம்பி வயலின்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் வயலின் ச-ப-ச-ப தானே? டியைச் சிக்கும் ஏயை ஜிக்கும் இறக்கினால் இங்கேயும் அதே ச-ப-ச-ப கிடைக்கும். மெல்லிய தந்தியும் சீக்கிரம் அறாது. டெனருக்கென்று தந்திக் கட்டு தேடி அலையாமல் கிட்டார் தந்திகளை உதிரியாக வாங்குங்கள். 23 அங்குலத்துக்கு 10, 14, 24, 32 என்ற தடிமன்கள் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எனக்குப் போதுமாக இருக்கிறது.

இன்னொன்று, நம் பனிமூட்டத்துக்கு முதல் வாத்தியம் ஒட்டுப்பலகை முகப்புள்ளதாக இருக்கட்டும். அசல் பலகையில் நாதம் நன்று, ஆனால் ஈரம் கண்டால் உப்பும். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

அட்டனிலிருந்து:

நன்றி, இருவருக்கும். யுகுலேலே ஏற்கெனவே தம்பி மகன் கைக்குப் போய்விட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலயப் பாடகர் குழுவின் கிட்டாரைக் கேட்கப் போகிறேன். கேப்போ அவர்களிடமே இருக்கிறது. இரண்டு தந்தியைக் கழற்ற விடுவார்களா என்றுதான் தெரியவில்லை.